இல்லாத பெட்டிக்கு எண்ணெய்

லாயத்தில் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வேலைக்கு வந்ததிலிருந்து வெயில் சாயும்வரை தண்ணீர்க் குழாயும் கையுமாகவே நிற்பாள். அவளைவிட மூத்தவரான மேனேஜருக்குக்கூட அந்தப் பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது.

குதிரையேற்றம் கற்றுத்தருகிற இடம் அது. குதிரைகளைத் தேய்த்துவிட, தீனி வைக்க, நடத்திப்போக வேறு ஆட்கள் உண்டு. அவள் பொறுப்பில் இருந்தது குதிரைகள் ஏறிப்போகிற டிரெய்லர். ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போவார்கள். உள்ளே இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாக நிற்கலாம், நடுவில் ஒரு தடுப்பு. சுற்றிலும் தகரம், கீழே மரப்பலகை. பின்கதவைத் திறந்து இறக்கினால் அதுவே குதிரை ஏறுகிற சாய்வுப் பலகை. யாரும் அதை டிரெய்லர் என்று சொல்ல மாட்டார்கள். பெட்டி என்பார்கள்.

பெட்டியைக் கழுவுவதென்றால் வெறுமனே தண்ணீரைப் பீச்சியடிப்பதில்லை. முதலில் சாணியையும் நனைந்த மரத்தூளையும் வாரிக் கொட்ட வேண்டும். பிறகு தரையில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்க வேண்டும். அது பிணக்கனம் கனக்கும். பாயைப் புரட்டியதும் அடியில் தேங்கிக்கிடக்கும் மூத்திர நெடி கண்ணைக் கரித்துத் தண்ணீர் வரவைக்கும். பலகையைச் சோப்பு போட்டுத் தேய்த்து, அலசி, பாயைச் சுவரில் சாய்த்துவைத்து, பின்கதவை இறக்கிவிட்டு, பெட்டி முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு பாயை விரித்தால் பலகை கெட்டது. மேலே பார்த்தால் கல் மாதிரி இருக்கும், உள்ளே நனைந்த ரொட்டி மாதிரி ஆகியிருக்கும். அதனால் வாரம் ஒருமுறை ஸ்குரூடிரைவர் முனையால் பலகையைக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும், மேலேயும், பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கீழேயும். அதன் பிறகு கீல்களுக்கு எண்ணெய், சக்கரத்துக்கு கிரீஸ், டயருக்குக் காற்று, விளக்கு எரிகிறதா, கொக்கி பிடிக்கிறதா, மூலையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா.

இவ்வளவும் முன்பு அவளுடைய புருஷன் பொறுப்பில் இருந்த வேலை. அவர்தான் அங்கே டிரைவர். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தாலும் சிந்தாமல் திரும்புவார் என்று பேர். ஆனால் கழுவித் துடைக்கிற விஷயத்தில் சோம்பேறி. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பது அவர் கொள்கை. பின்கதவின் தாழ்ப்பாள்களில் ஒன்று உடைந்தபோது, மாற்றித்தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்காமல், கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினார்.

ஒரு நாள் மத்தியானம், போட்டிக்குப் போய்விட்டுத் திரும்பிய பெட்டியை லாயத்து முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்து நல்ல தாழ்ப்பாளை விலக்கினார். கதவின் பாரம் மொத்தமும் கம்பிக்கு வந்தது. கம்பி அறுந்தது. அவ்வளவு பெரிய கதவு அவர்மேல் விழுந்து அவரைத் தரையோடு அமுக்கியது. சத்தத்தில் மிரண்ட குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே பாய்ந்து, அந்தக் கதவின் மேல் மிதித்து இறங்கி ஓடிப்போனது. கதவுக்கு அடியில் அவர் கிடந்தார்.

உயிர் பிழைத்தார். இடுப்பும் தொடையும் பிழைக்கவில்லை. ஊன்றுகோலை அக்குளில் கொடுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து கழிவறைவரை போய்வருவார், அவ்வளவுதான். தாழ்ப்பாள் திடீரென்று உடைந்துவிட்டது என்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மேனேஜர் நம்பினார். வீட்டுக்கே வந்து, "வண்டி ஓட்ட வேற ஆள் வச்சுக்கிறேன். பெட்டி வேலைய உன் வீட்டம்மா பாக்கட்டும். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் அவள் அங்கே போனாள். முதல் நாள் பெட்டியின் பின்புறத்தைத் துடைத்தபோது, தாழ்ப்பாள் வளையத்தில் துருப்பிடித்த கம்பியின் மிச்சம் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொள்ள அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அதைப் பிரித்தெடுத்துச் சாக்கடையில் போட்டாள். வீட்டுக்குப் போய் அவரிடம் மூச்சு விடவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் அது அப்படியே கிடந்தது.

அவர்கள் குடியிருந்தது தையற்கடைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையுமாக இருந்த வீடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர்தான். பிள்ளைகள் கிடையாது. பகல் முழுக்கத் தையல் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் படுத்திருப்பார். அவள் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே கேள்வி ஆரம்பித்துவிடும்.

"பெட்டிய கழுவுனியா?"

"கழுவிட்டேங்க."

"பாய தூக்குனியா, இல்ல மேலாப்புல தண்ணி காட்டிட்டு வந்துட்டியா?"

"தூக்கிட்டேன். இடுப்பே போச்சு."

"யாருகிட்ட இடுப்ப பத்தி பேசுற? பலகைய குத்திப் பாத்தியா? கீல்ல எண்ணெய் விட்டியா? தாழ்ப்பாள் ரெண்டையும் ஆட்டிப் பாத்தியா?"

தாழ்ப்பாளைப் பற்றிய கேள்வி ஒருநாளும் தவறாது. ஒரு காலத்தில் அந்தப் பெட்டியை ஏறெடுத்துப் பார்க்காத மனிதர், இப்போது கட்டிலில் படுத்தபடி அதன் ஒவ்வொரு ஆணியையும் பராமரித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, அவர் வாய் திறப்பதே இதற்கு மட்டும்தான் என்று புரிந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. மழை வருகிறதா என்றால் பதில் வராது. பெட்டி என்றால் உட்கார்ந்துவிடுவார். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டால், "கழுவுற மீனுல நழுவுற மீனுடி நீ" என்று சிரிக்கக்கூடச் செய்வார். அவர் சிரித்தால் அவளுக்கும் ஒரு டம்ளர் டீ அதிகமாகக் குடிக்கத் தோன்றும்.

சில வருஷம் இப்படிப் போனது.

ஒரு மழைக்காலத்துக்குச் சற்று முன், பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவள் பலகையைக் குத்தியபோது ஸ்குரூடிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போனது. பக்கத்தில் குத்தினாள். அங்கும் போனது. கரிய தூள் அவள் முகத்தில் கொட்டியது. பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டமும் துருவேறி, விரலால் உரித்தால் செதில் செதிலாக வந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "போதும்க்கா, இது உழைச்சது போதும்" என்றார். புதிதாக அலுமினியத்தில் ஒன்று வாங்கும் பேச்சு முன்பே இருந்ததாம். பழையதை எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்.

இரும்புக்கடைக்காரர் வருகிற நாள் தெரிந்தும், முந்தின நாள் அவள் பெட்டியை வழக்கம்போலக் கழுவிக் காயவைத்தாள். வந்தவர் உள்ளே எட்டிப்பார்த்துச் சிரித்தார். "எடைக்குப் போறதுக்கு எதுக்கும்மா குளிப்பாட்டி விட்டிருக்க?" பெட்டியை அவருடைய லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போனார்கள். வாசலைத் தாண்டும்போது ஒரு பக்கத்து விளக்கு கழன்று விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொற்களைக் கூட்டிக்கொண்டே போனாள். கதவைத் திறந்தாள்.

"வா. பலகை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றது அவள் வாய்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது. அன்றும் அவர் உட்கார்ந்துகொண்டு ஆவலாகக் கேட்டார். அன்றும் நல்லா இருக்கிறது என்றாள். ஆனால் எல்லாம் நல்லா இருக்கிறது என்று நாலு நாள் சேர்ந்தாற்போலச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. கேட்க ஒன்றுமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் அவள் ஒரு குறையைக் கொண்டுவந்தாள்.

"வலது பக்கக் கீலு கிரீச்சுனு கத்துதுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். எந்த எண்ணெய் விட்டாய், எத்தனை தடவை கதவைத் தூக்கி இறக்கினாய், முதலில் துருவைச் சுரண்டினாயா என்று அடுக்கினார். பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்தார்.

அதன் பிறகு அவள் தினமும் ஒரு குறையோடுதான் வீடு திரும்பினாள். ஒரு நாள் டயரில் வெடிப்பு. ஒரு நாள் ஜன்னல் ரப்பரில் கிழிசல். ஒரு நாள் குளவிக்கூடு. லாயத்தில் புது அலுமினியப் பெட்டியைக் கழுவுகிற நேரத்தில், சாயந்திரம் பழைய பெட்டிக்கு என்ன வியாதி வரப்போகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அவர் சொல்லுகிற வைத்தியத்தை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்வாள். மறுநாள், "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், சரியாயிடுச்சு" என்பாள். அவர் முகத்தில் ஒரு களை வரும்.

ஒருமுறை சக்கரத்திலிருந்து கழற்றிய பேரிங்கைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அவள் ரோட்டோர மெக்கானிக் கடையில் கெஞ்சிக் கேட்டு, தூக்கிப்போட்ட ஒன்றை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். அவர் அதை விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது நம்ம பெட்டியோடது இல்லையே. சின்ன வண்டியோடதுல்ல?"

"அது... மேனேஜர் நடுவுல ஒருதடவ மாத்தி வச்சாரு."

"அறிவுகெட்டவன்" என்று மேனேஜரைத் திட்டிவிட்டு, அந்தப் பேரிங்கைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பொய்க்கு ஓர் இடத்தில் நிறுத்தம் வேண்டும். அவள் நிறுத்தவில்லை. இடது சக்கரத்தில் கடகடவென்று ஒரு சத்தம் வருவதாக ஒரு நாள் சொன்னாள். அவர் சொன்ன வைத்தியத்தைச் செய்தும் போகவில்லை என்றாள். போய்விட்டது என்றால் பேச்சும் போய்விடுமே. வேறொன்று சொன்னார். அதற்கும் போகவில்லை என்றாள். கடைசியில் அவர் முகம் இருண்டுவிட்டது.

"அது பேரிங் இல்ல. அச்சு வளைஞ்சிருக்கு. குதிரைய ஏத்தாதீங்கன்னு சொல்லு. பின்னாடி ஒருத்தரும் நிக்கக்கூடாது. கேக்குதா? யாராவது சாவான்."

"சரிங்க, சொல்றேன்."

"சொல்றேன் சொல்றேன்னு எத்தனை நாளா? நான் வந்து பாக்குறேன்."

அவள் சிரித்து மழுப்பினாள். அவர் சிரிக்கவில்லை. இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு தங்கை. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வாயாடி, மனசு தங்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அண்ணனுக்குத் தலைமுடி வெட்டிவிட்டு, நாலு ஊர்வம்பு சொல்லிவிட்டுப் போவாள். அந்த வாரம் அவர் அவளைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வெளியே போகவேண்டும் என்று கேட்டதே அவளுக்குப் பெரிய சந்தோஷம். அண்ணிக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லாமலே வைத்துக்கொண்டாள். வேலைநாளில், தன் வீட்டுக்காரருடைய ஆட்டோவில் அண்ணனை ஏற்றிக்கொண்டு லாயத்துக்கு வந்து இறங்கினாள்.

குழாயக்கா முற்றத்தில் ரப்பர் பாயை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! யாரு வந்திருக்காங்க பாருங்க!"

திரும்பினாள். ஊன்றுகோலில் அவர். வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, அவள் கல்யாணத்தன்று பார்த்த மாதிரி ஒரு கூச்சத்தோடு நின்றார். அவள் கையிலிருந்து பாய் நழுவி விழுந்தது.

"எதுக்குங்க இங்க... கால் வலிக்குமே, வீட்டுக்குப் போயிடலாம்" என்று முன்னால் வந்து மறைத்தாள்.

"தள்ளு. பெட்டி எங்க?"

அவருக்கு எதிரே புது டிரெய்லர் பளபளவென்று நின்றது. அவர் அதைத் தாண்டி எட்டிப்பார்த்தார், அதற்குப் பின்னால் பழையது நிற்கிறதென்று நினைத்து. பின்னால் சுவர்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். பழைய டிரைவரைக் கண்டதும் வேகமாக வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "வாப்பா, வாப்பா! எப்படி இருக்க? பாத்தியா நம்ம புதுசு?"

"பழசு எங்க சார்?"

"பழசா? அது போய்ச் சேந்து நாளாச்சே. போன மழைக்கு முன்னாடியே எடைக்குப் போட்டாச்சு. பலகை பூரா உளுத்துப்போச்சு. குழாயக்காதான் கண்டுபிடிச்சாங்க. சொல்லலயா உன்கிட்ட?"

தங்கை அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஊன்றுகோலைத் தட்டித் தட்டிப் புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய், பின்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டு ஒருமுறை ஆட்டிப்பார்த்தார். அது அசையவில்லை.

"சொன்னா சார்" என்றார். "நான்தான் மறந்துட்டேன்."

மேனேஜர் டீ வரவழைத்தார். அவர் குடித்தார். ஆட்டோவில் ஏறும்போது தங்கை கைகொடுத்தாள். குழாயக்கா கைகொடுக்கப் போனாள். அவர் ஊன்றுகோலை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டார்.

அன்று வேலை முடிவதற்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் கட்டிலில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் பேரிங் இல்லை. அவள் செருப்பைக் கழற்றியபோது கேள்வி எதுவும் வரவில்லை. கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

"உங்க நல்லதுக்குத்தாங்க சொன்னேன். நீங்க பேசணும்னுதான்."

"கீலு கத்துதுன்ன."

"சொன்னேங்க."

"டயர் வெடிச்சிருக்குன்ன. ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு யோசிச்சேன். யாராவது செத்துருவானோன்னு யோசிச்சேன். நீ பக்கத்துல படுத்துத் தூங்கிட்டிருந்த. என்னப் பைத்தியக்காரனாக்கிட்டியேடி. லாயத்துல சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களா?"

"யாருகிட்டயும் சொல்லலீங்க. சத்தியமா."

"பொய் சொல்றவளுக்குச் சத்தியம் எதுக்கு?"

இதைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று கட்டவிழ்ந்துகொண்டது. பாய் தூக்கித் தூக்கி விட்டுப்போன இடுப்பு, வெடித்த கைகள், பிள்ளையில்லாத வீடு, ஜன்னலுக்கு வெளியே சுவர், எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தன.

"நானா பொய் சொல்றவ? அன்னைக்கு அந்தத் தாழ்ப்பாள கம்பியால கட்டினது யாரு? திடீர்னு உடைஞ்சிடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? மொத நாளே பாத்தேன். என் கையாலதான் பிரிச்சுச் சாக்கடையில போட்டேன். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

தையற்கடையில் மெஷின் நின்றது. அங்கேயும் கேட்டிருக்க வேண்டும். சற்று நேரம் கழித்து மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அவர் அவளைப் பார்த்தார். கோபமான பார்வையாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நடுத்தெருவில் துணி அவிழ்ந்த மனிதனின் பார்வை அது. பிறகு மெல்லச் சாய்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "மனசுல வச்சுக்காதீங்க, வாய் தவறிடுச்சு" என்றாள். வாய் தவறவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் அவளோடு சண்டை போடவுமில்லை, பேசாமலும் இல்லை. தண்ணி கொடு என்பார். விளக்கை அணை என்பார். கொடுத்ததைச் சாப்பிட்டார். ஆனால் அவள் செருப்பைக் கழற்றும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவளாகவே புதுப் பெட்டியைப் பற்றி ஏதாவது சொல்லிப்பார்த்தாள். ஒரே ஒரு மாலையில் பதில் வந்தது.

"அதுல மரமே இல்லையே. எனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?"

தங்கை ஞாயிறுதோறும் வந்தாள். முதலில் அண்ணிமேல் கோபமாக இருந்தாள். பிறகு, அண்ணன் படுத்திருக்கிற விதத்தைப் பார்த்துக் கோபத்தை மறந்தாள். "டாக்டர்கிட்ட காட்டுவோம் அண்ணி" என்றாள். காட்டினார்கள். உடம்பில் புதிதாக ஒன்றுமில்லை, எழுந்து நடமாடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவர் எழவில்லை. ஊன்றுகோல் மூலையில் தூசி படிந்தது. அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு விடிகாலையில் அவள் டீ போட எழுந்தபோது, "கதவச் சாத்து, குளிருது" என்றார். சாத்தினாள். டீயோடு வந்தபோது அவர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் மேனேஜர், வேண்டுமானால் அலுவலகத்தைப் பெருக்குகிற இலேசான வேலைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "பழகிடுச்சு சார்" என்றாள். தையற்கடைக்குப் பின்னாலிருந்த வீட்டை மட்டும் காலி செய்தாள். தனியாக இருக்க வேண்டாம் என்று நாத்தனார் பிடிவாதமாகத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். அங்கே எப்போதும் ஆள் சத்தம், ரேடியோ சத்தம். வெளியே ஆட்டோ வந்து நின்று கிளம்புகிற சத்தம்.

வேலை முடிந்து அவள் உள்ளே நுழையும்போது நாத்தனார் சில நாள் இஸ்திரித் துணிகளை மடித்துக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பாள்.

"இன்னைக்கு என்ன அண்ணி வேலை?"

"ஒண்ணுமில்லம்மா. கழுவுனேன். காஞ்சிடுச்சு."

நாத்தனார் தலையாட்டிவிட்டு அடுத்த துணியை எடுப்பாள். குழாயக்கா கையை அலம்பிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள்.